ஏரியை விட்டு வந்த பெயர்

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பால பாடம் உண்டு: சொற்களைப் பெயர்க்கலாம், பெயர்களைப் பெயர்க்கலாகாது. அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும் தொழிலில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு இவ்விதி பழகிப்போன ஒன்று. ஆயினும் சில பெயர்கள் நம்மைச் சற்றே நிறுத்தி, தம் பொருளைக் கேட்கத் தூண்டும். அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெயரால் விளங்கும் ‘லேக்கர்ஸ்’ என்னும் கூடைப்பந்து அணியின் பெயர் அவ்வகையைச் சார்ந்தது. தமிழில் சொன்னால் ‘ஏரிக்காரர்’ அல்லது ‘ஏரியூரார்’ என்றாகும். லாஸ் ஏஞ்சல்ஸோ மழை அரிதாகப் பெய்யும் வறண்ட நிலத்து நகரம். 1913ஆம் ஆண்டில் ஏறத்தாழ 375 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கால்வாய் அமைத்துத் தண்ணீர் கொணர்ந்த பின்னரே அது பெருநகராக வளர்ந்தது. அத்தகைய ஊரின் ஆட்டக்காரர்களுக்கு ஏரிக்காரர் என்னும் பெயர் எவ்வாறு வாய்த்தது? இவ்வினாவுக்கு விடை தேடினால், ஓர் அணியின் வரலாறு மட்டுமன்றி, பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோர் அனைவர்க்கும் உரிய ஒரு செய்தியும் கிடைக்கும்.

கூடைப்பந்து ஆட்டம் தோன்றியது 1891ஆம் ஆண்டில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே மாணவர்கள் ஆடுவதற்கென, பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டிவைத்து இவ்வாட்டத்தை வகுத்தார். அச்சங்கம் சென்ற நாடெங்கும் ஆட்டமும் உடன் சென்றது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பள்ளியை நேயர்களில் பலர் அறிவர். ஆகவே இது நமக்கு முற்றிலும் அயலான ஆட்டமன்று. ஆனால் இதைத் தொழிலாகக் கொண்டு, ஊதியம் பெற்று ஆடும் அணிகள் அமெரிக்காவிலேயே பெருவளர்ச்சி கண்டன. அவற்றுள் ஒன்றே நாம் பேச எடுத்துக்கொண்ட அணி.

1947ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் ‘ஜெம்ஸ்’ என்றோர் அணி இருந்தது. ரத்தினங்கள் என்று பொருள்படும் பெயர். பெயருக்கேற்ற ஒளி அதற்கு இல்லை. தோல்விமேல் தோல்வி கண்டு நொடித்துப்போயிற்று. மினியாபோலிஸ் நகரத்தவரான பென் பெர்கர், மாரிஸ் சால்ஃபென் என்னும் இருவர் அதனை 15,000 டாலருக்கு விலைக்கு வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். பழைய பெயர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டது. புதிய பெயர் புதிய மண்ணிலிருந்து பிறந்தது. மினசோட்டா மாநிலத்துக்குப் பதினாயிரம் ஏரிகளின் நாடு என்னும் சிறப்புப் பெயர் உண்டு. மினியாபோலிஸ் என்னும் ஊர்ப்பெயரோ, நீரைக் குறிக்கும் டக்கோட்டா மக்களின் சொல்லும் நகரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கூடியது. நீர் நகரில் குடியேறிய அணி ஏரிக்காரர் அணி ஆயிற்று. பெயரும் ஊரும் அன்று பொருந்தி நின்றன.

அவ்வணியின் நல்லூழ் ஜார்ஜ் மைக்கன் என்னும் உருவில் வந்தது. ஆறடி பத்தங்குல உயரம்; கண்ணில் தடித்த மூக்குக்கண்ணாடி. மிக உயர்ந்தவர்கள் நெளிவு சுளிவுடன் ஆட இயலாதவர்கள் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. மைக்கன் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினார். பொறுப்பேற்கும்போது முப்பத்தோரு வயதே நிரம்பியிருந்த ஜான் குண்ட்லா என்னும் பயிற்சியாளரின் கீழ், 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஐந்து ஆண்டுகளில் மினியாபோலிஸ் அணி பட்டம் வென்றது.

மைக்கனின் வலிமை எத்தகையதென்றால், அவரைக் கட்டுப்படுத்த ஆட்டத்தின் விதிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. கூடையின் அடியில் தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கலாகாது என்னும் பகுதி ஆறடி அகலமாயிருந்தது. 1951ஆம் ஆண்டில் அது பன்னிரண்டடியாக விரிக்கப்பட்டது. 1950 நவம்பர் 22ஆம் நாள் ஃபோர்ட் வெய்ன் அணியினர் மற்றொரு வழியைக் கையாண்டனர். பந்து மைக்கன் கையில் சேராதிருக்கும்பொருட்டு, அதைக் கூடையில் எறியாமல் தமக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு பொழுதைப் போக்கினர். ஆட்டம் முடிந்தபோது ஃபோர்ட் வெய்ன் 19, மினியாபோலிஸ் 18. அப்பதினெட்டில் பதினைந்து மைக்கன் எடுத்தவை. காசு கொடுத்துக் காண வந்தவர்கள் பந்து உறங்குவதைக் கண்டு திரும்பினர். இத்தகைய ஆட்டங்களால் தொழிலே கெடும் என்றுணர்ந்த சங்கத்தார், பந்தைப் பெற்ற அணி 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தே தீரவேண்டும் என்னும் விதியை 1954ஆம் ஆண்டில் ஏற்படுத்தினர். இன்றைய கூடைப்பந்தின் விரைவு அவ்விதியால் பிறந்தது.

1954இல் மைக்கன் ஓய்வு பெற்றார். பின்னர் சிறிது காலம் மீண்டும் ஆட வந்தாரெனினும் பழைய நாட்கள் திரும்பவில்லை. மக்கள் கூட்டம் குறைந்தது. ஆடுவதற்கு நிலையான மன்றம் கிடைப்பதும் அரிதாயிற்று. கண்காட்சிகளுக்கும் பிற நிகழ்ச்சிகளுக்கும் இடம் கொடுத்து, ஒரு மண்டபத்தினின்று மற்றொரு மண்டபத்துக்கு அணி அலைந்தது. 1958ஆம் ஆண்டில் எல்ஜின் பேய்லர் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். காற்றிலே நின்று ஆடுபவர் போலத் தோன்றிய அவர் மறு ஆண்டே அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். ஆயினும் கடன் தீரவில்லை.

1960 ஜனவரி 18ஆம் நாள் இரவு, செயின்ட் லூயிஸ் நகரில் ஆடிவிட்டு விமானத்தில் திரும்பிய அணியினர் பெரும் ஆபத்தில் சிக்கினர். பறக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. வெளியே பனிப்புயல், கருவிகள் இயங்கவில்லை, திசை தெரியவில்லை. விமானி, அயோவா மாநிலத்துக் கரோல் என்னும் சிற்றூரின் விளக்குகளைக் கண்டு, அறுவடை செய்யாமல் நின்ற சோளக்கொல்லை ஒன்றில் பனியின்மீது விமானத்தை இறக்கினார். ஒருவரும் காயமுறவில்லை. அன்று ஒரு நொடி தவறியிருப்பின் இவ்வரலாறு அச்சோளக்கொல்லையிலேயே முடிந்திருக்கும்.

உயிர் தப்பிய அணிக்கு ஊர் தங்கவில்லை. உடைமையாளர் பாப் ஷார்ட் மேற்குக் கரையை நோக்கினார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணி 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து பெருங்கூட்டத்தை ஈர்த்திருந்தது. அவ்வழியே ஏரிக்காரரும் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றனர். டெட்ராய்ட்டிலிருந்து புறப்பட்டபோது பழைய பெயரைக் களைந்த அணி, இம்முறை பெயரை உடன் எடுத்துச் சென்றது. ஐந்து பட்டங்கள் வென்ற பெயரன்றோ? விட்டுச்செல்ல மனம் வரவில்லை. இவ்வாறாக, ஏரி மினியாபோலிஸில் நின்றது. ஏரியின் பெயர் பாலைநிலத்துக்குப் போயிற்று.

புதிய ஊர் முதலில் கைகொட்டி வரவேற்கவில்லை. முதற்பருவத்தில் வென்ற ஆட்டங்கள் 36, தோற்றவை 43. பேய்லரோடு ஜெர்ரி வெஸ்ட் என்னும் இளைஞரும் அவ்வாண்டில் சேர்ந்தார். 1961–62ஆம் பருவத்தில் பேய்லர் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். வார இறுதியில் விடுப்புப் பெற்று வந்து ஆடிவிட்டுப் பணிக்குத் திரும்பினார். அப்பருவத்தின் இறுதிப் போட்டியில் ஓர் ஆட்டத்தில் மட்டும் 61 புள்ளிகள் எடுத்தார். ஆனால் எதிரே நின்றது பாஸ்டன் நகரின் செல்டிக்ஸ் அணி. அதன் நடுவே மலைபோல் நின்றவர் பில் ரஸல். 1959 முதல் 1970 வரை ஏரிக்காரர் எட்டு முறை இறுதிப் போட்டியை எட்டினர். எட்டு முறையும் தோற்றனர். அவற்றுள் ஏழு தோல்விகள் பாஸ்டனிடம் பெற்றவை.

இவ்விடத்தில் விதி செய்த விளையாட்டு ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. 1971 நவம்பரில், முழங்கால் நோயால் வாடிய பேய்லர், பருவத்தின் தொடக்கத்திலேயே ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆட்டத்தில் அணி வென்றது. அதற்கடுத்த ஆட்டத்திலும் வென்றது. இவ்வாறு இடையறாது 33 ஆட்டங்கள் வென்று எவரும் கண்டிராத சாதனை நாட்டியது. 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முதற்பட்டம் கிடைத்தது. மினியாபோலிஸிலிருந்து பெயரைச் சுமந்து வந்து, பதினோராண்டு அந்நிய மண்ணில் உழைத்து, கூட்டத்தைச் சேர்த்து, நற்பெயரை நாட்டியவருக்குப் பட்டம் வாய்க்கவில்லை. அவர் நட்ட மரத்தின் கனி பின்வந்தோர்க்கு வாய்த்தது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் முதன்முதல் வந்து ஓரறையில் நால்வராய்க் குடியிருந்து, தமிழ்ச் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் அடிக்கல் நாட்டிய தலைமுறையை அறிந்த நேயர்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன் பின்னர் நடந்தவை உலகறிந்தவை. 1979இல் ஜெர்ரி பஸ் அணியை வாங்கினார். அவ்வாண்டே மேஜிக் ஜான்சன் வந்தார். முன்பே வந்திருந்த கரீம் அப்துல் ஜபாருடன் சேர்ந்து 1980, 1982, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெற்றுத் தந்தார். 1985இல்தான் இறுதிப் போட்டியில் பாஸ்டனை முதன்முறையாக வென்றனர். அதுவும் பாஸ்டன் நகரிலேயே. ஷக்கீல் ஓனீலும் கோபி பிரையன்ட்டும் 2000, 2001, 2002 ஆண்டுகளில் மும்முறை தொடர்ந்து வென்றனர். 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பிரையன்ட்டின் தலைமையில் மேலும் இரண்டு பட்டங்கள் சேர்ந்தன. 2020 ஜனவரி 26ஆம் நாள் ஹெலிகாப்டர் விபத்தில் அவரும் அவருடைய இளம் மகளும் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில், பெருந்தொற்றின் காரணமாகச் சொந்த ஊரிலன்றி ஃப்ளோரிடாவில், ரசிகர் கூட்டமில்லா மன்றத்தில், லெப்ரான் ஜேம்ஸின் தலைமையில் அணி வென்ற பட்டம் பதினேழாவது. ஐந்து மினியாபோலிஸில், பன்னிரண்டு லாஸ் ஏஞ்சல்ஸில்.

இப்பெருவாழ்வின் நடுவே விட்டு வந்த ஊரின் நிலை என்ன? 1960க்குப் பின் இருபத்தொன்பது ஆண்டுகள் மினியாபோலிஸ் நகருக்குத் தேசியச் சங்கத்தில் அணியில்லை. இடையில் வேறொரு சங்கத்தைச் சேர்ந்த அணிகள் வந்தன, நிலைக்காமல் போயின. தன் ஊருக்கு மீண்டும் ஓர் அணி வேண்டும் என்று 1980களில் முயன்றவர்களின் தலைவராக நின்றவர் வேறு யாருமல்லர். வயதேறிய ஜார்ஜ் மைக்கனே. 1989இல் ‘டிம்பர்வுல்வ்ஸ்’ என்னும் அணி அங்கே தோன்றியது. ஏரிக்காரர் என்னும் பெயரை அவ்வூர் திரும்பப் பெற இயலவில்லை. மரக்காட்டின் ஓநாய்கள் என்னும் புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் மன்றத்தின் உச்சியில் அவ்வூர் வென்ற பட்டங்களின் கொடிகளே நெடுங்காலம் தொங்கின. மினியாபோலிஸில் வென்ற ஐந்து பட்டங்கள் கணக்கில் இருந்தன, கண்ணில் படவில்லை. பதினேழு என்று எண்ணிக்கை கூட்டும் போது முன்னோர் வேண்டும். கொடியேற்றும்போது வேண்டுவதில்லை என்னும் நிலை நியாயமாகுமா? 2002 ஏப்ரலில் அக்குறை ஒருவாறு தீர்ந்தது. மைக்கன் முதலிய மினியாபோலிஸ் ஆட்டக்காரர் ஐவரும் பயிற்சியாளர் குண்ட்லாவும் பாராட்டப்பெற்று, அவர்கள் பெயர் தாங்கிய கொடி மன்றத்தில் ஏறியது. ஊரை விட்டு நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின் கிடைத்த அங்கீகாரம் அது. 2005இல் மைக்கன் மறைந்தபோது, அவருக்குப் பின் அதே அணியில் அதே இடத்தில் ஆடி, அதற்கு முந்திய ஆண்டுதான் அணியை விட்டுப் பிரிந்திருந்த ஷக்கீல் ஓனீல், ஈமச் செலவைத் தாமே ஏற்க முன்வந்தார். இரத்தத் தொடர்பில்லை, ஊர்த் தொடர்பில்லை, பெயரின் தொடர்பு ஒன்றே இருந்தது. மைக்கனின் 99 என்னும் எண்ணை இனி எவர்க்கும் வழங்குவதில்லை என்று அணி முறைப்படி அறிவித்தது 2022 அக்டோபரில்தான்.

பெயரை எடுத்துச் செல்வதுதான் ஒரே வழியென்று கருதவேண்டா. 2008இல் சியாட்டில் நகரின் ‘சூப்பர்சோனிக்ஸ்’ அணி ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்தபோது, பெயரும் வண்ணங்களும் சியாட்டிலிலேயே வருங்கால அணிக்கென இருக்கட்டும் என்று உடன்பாடு செய்தனர். சென்ற அணி ‘தண்டர்’ என்னும் புதுப்பெயர் பூண்டு, 2025இல் பட்டமும் வென்றது. பெயரைச் சுமந்து செல்வதிலும் அன்பு உண்டு. விட்டுச் செல்வதிலும் அன்பு உண்டு. எவ்வழியாயினும் கடன் ஒன்று நிற்கிறது என்பதை மறத்தலே பிழை.

இனி இவ்வணியினர் எதிர்நோக்கும் காலத்தைக் காண்போம். 1947இல் 15,000 டாலருக்கு விலைபோன அணியை, ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் மதிப்பில், பஸ் குடும்பத்தார் 2025இல் மார்க் வால்டர் என்பாருக்குக் கைமாற்றினர். அவ்வாண்டு பிப்ரவரியில் டல்லஸ் அணியிலிருந்து லூக்கா டான்சிச் எதிர்பாராத வகையில் மாற்றிக்கொள்ளப்பட்டார். ஸ்லோவேனியா நாட்டில் 1999இல் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகருக்கு ஆடச் சென்று, பத்தொன்பதாம் வயதில் அமெரிக்கா வந்தவர் இவர். ஏப்ரலில் எதிரணியின் ஆட்டக்காரராக டல்லஸ் மன்றத்துக்குள் நுழைந்தபோது, அவ்வூரார் அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையிட்டுக் காட்டினர். அவர் கண்ணீர் விட்டார். பின் எழுந்து ஆடி 45 புள்ளிகள் எடுத்து, பழைய ஊரைத் தோற்கடித்தார். ஊர்விட்டு ஊர் வந்தவரின் நெஞ்சு அன்று ஒரே மாலையில் இருபக்கமும் தெரிந்தது.

அதே மாதம் போட்டித் தொடரின் முதற் சுற்றில் ஏரிக்காரரை எதிர்த்தவர்கள் மினசோட்டா ஓநாய்கள். 2003இலும் 2004இலும் இவர்களிடம் தோற்றிருந்த அவ்வணி இம்முறை நான்குக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றது. பழைய ஊர் தன் பெயரையே தோற்கடித்து அனுப்பியது எனலாம்.

ஒவ்வோர் அக்டோபரிலும் 82 ஆட்டங்கள் கொண்ட புதிய பருவம் தொடங்கும். உடன் புதிய நம்பிக்கையும் தொடங்கும். லெப்ரான் ஜேம்ஸுக்கு 2025–26 இருபத்து மூன்றாவது பருவம். அதற்குமுன் எவரும் அத்தனை பருவங்கள் ஆடியதில்லை. மூத்தவர் தளர்வதற்குள் சுமையை ஏற்கும் இளந்தோள் டான்சிச்சுடையது என்று ரசிகர்கள் நம்பினர். 2025 ஆகஸ்டில் அவரும் ஒப்பந்தத்தை நீட்டித்து அந்நம்பிக்கைக்கு ஊன்றுகோல் தந்தார். வேண்டுவதோ ஒன்றே. 2024இல் பாஸ்டன் அணி தன் பதினெட்டாவது பட்டத்தை வென்று ஏரிக்காரரை முந்தியது. பழம்பகைவருக்கு நிகராக ஏரிக்காரரும் பதினெட்டை எட்டவேண்டும். அதுவே அவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் சுமந்து வரும் ஆசை.

அவ்வெண்ணிக்கையைச் சற்றே உற்று நோக்குக. லாஸ் ஏஞ்சல்ஸ் தானே வென்றவை பன்னிரண்டு. ஒரு பட்டம் கூடினாலும் பதின்மூன்றே ஆகும். பதினெட்டு என்று சொல்லவேண்டுமாயின், பனி பெய்யும் அவ்வேரி நகரில் கண்ணாடி அணிந்த மைக்கன் வென்ற ஐந்தையும் சேர்த்தே எண்ணியாகவேண்டும். வருங்காலத்தைப் பற்றிய நம்பிக்கைகூட விட்டுவந்த ஊரின் சேமிப்பின்மீது நிற்கிறது. நம்மில் பலர் பெயருக்கு முன் ஓர் எழுத்தைத் தாங்கி நிற்கிறோம். அது நாம் பிறந்திராத, நம் மக்கள் கண்டிராத ஓர் ஊரின் முதலெழுத்தாக இருக்கலாம். அவ்வெழுத்து எதன் சுருக்கம் என்று வேற்று மாநிலத்துப் பள்ளியில் பயிலும் பிள்ளை கேட்கும் நாள் வரும். அன்று ஊரின் பெயரையும், அங்கே நமக்கு முன் வாழ்ந்து சேர்த்துவைத்தவர்களின் பெயரையும் தடுமாறாமல் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.